ரிங் மட்டும் போடுவம்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் சும்மா கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நல்ல எஞ்சின் என்றால் மூடி கொஞ்சம் நடுங்கிக்கொண்டு அப்படியே இருக்கும். எங்கள் காரின் மூடி துள்ளி எழும்பி, பற்றறியில் பட்டு, நிலத்தில் விழுந்து உருண்டது. திறந்த வாயால், நீத்துப்பெட்டியில் புட்டு அவியும்போது வருவதுபோல் புகை வந்தது. மணம் மட்டும் புட்டு மணமில்லை.

கராஜ் அண்ணை குனிந்து மூடியை எடுத்துச் சாறத்தில் துடைத்தார்.

"தம்பி, உதுக்கு இழுப்பு."

அவர் சொன்னது சரிதான். டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சினைப்போல் நெருப்புப்பொறி போடப் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சிப் பற்றவைக்கிறது. எங்கள் காரில் இருப்பது ரொயோட்டாவின் 2சி எஞ்சின். 1974 சீ.சீ., நாலு சிலிண்டர். 23 பங்கு காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் இறுக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகிற பிஸ்டனைச் சுற்றிப் பூட்டிய வளையங்கள்தான் ரிங். அந்தக் காற்று தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழே எஞ்சினின் வயிற்றுக்குள் ஒழுகினால் மேலே சூடு போதாது. காலையில் ஸ்ராட் வராது, வந்தாலும் வெள்ளைப் புகை. கீழே இறங்கிய காற்று வெளியே வர வழி தேடி ஒயில் மூடியைத் தள்ளும். கூடவே ஒயிலையும் கொண்டுபோகும்.

கார் 1993 ஆம் ஆண்டுக் கொரோலா, சீ.ஈ. 100. யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 பாதை யாழ்ப்பாணத்துக்குத் திறந்ததற்கு அடுத்த வருடம், 2003 இல், அப்பா கொழும்பில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன் வீட்டில் நின்றது ஒரு ஒஸ்ரின் ஏ40. 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏ40 பற்றி நான் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காமல், ஒரு சின்னப் போத்தலில் பொன்னைப்போல் சேர்த்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம். பின்னால் போகிறவருக்குக் கண் எரியும். ஆனால் வண்டி ஓடும். எந்த எஞ்சினையும் எதையாவது ஊற்றி ஓட வைக்கலாம் என்ற நம்பிக்கை எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் வந்தது. சனத்தைக் காப்பாற்றிய நம்பிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொரோலா வந்த பிறகும் அது எங்களை விட்டுப் போகவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

அண்ணை கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஓடியிருக்கு?" மீற்றரில் 412,000 கிலோமீற்றர் நின்றது. நடுவில் மீற்றர் கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஓடாமல் கிடந்ததால், நாலரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி, "முன்னம் எஞ்சின் கழட்டினதோ?"

"ஓம் அண்ணை. 2015 இலை ரிங் மாத்தினது."

"போர் பண்ணினதோ?"

"இல்லை. ரிங் மட்டும்."

"ஆர் பாத்தது?"

"ஒரு கராஜிலை" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டர்த் துளையைப் பெரிதாக வெட்டுவது. "ரிங் மட்டும் போடுவம் அப்பா, போர் பண்ணுறது வீண்செலவு" என்று அன்றைக்குச் சொன்ன ஆள் நான்தான் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்.

அப்பா காரின் டாஷ்போட்டுக்குள் ஒரு கொப்பி வைத்திருந்தார். நாற்பது பக்க, சிவப்பு மட்டைக் கொப்பி. ஒன்று முடிய அடுத்தது. திகதி, மீற்றர், டீசல் எத்தனை லீற்றர், ஒயில், தண்ணீர். அவர் போன பிறகு நான் அதை நினைவுப் பொருளாக எடுத்து வைத்திருந்தேன். அண்ணை அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் வாசித்தார். கராஜில் வேலை செய்கிற பெடியன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்தக் கொப்பியில் எல்லாம் இருந்தது. 2012 வரை ஒயில் பத்தியில் ஒன்றுமில்லை, ஐயாயிரத்துக்கு ஒருதரம் மாற்றியது மட்டும். 2013 இல் "ஒயில் 1/2 லீ." என்று ஆங்காங்கே. 2015 இல் ரிங் போட்ட பிறகு மூன்று மாதம் பத்தி வெறுமையாக இருக்கிறது. எனக்கு நினைவிருக்கிறது, அந்த மூன்று மாதமும் நான் பெருமையாகத் திரிந்தேன். பிறகு மறுபடி 1/2, 1/2, 1/2. கடைசிப் பக்கங்களில் அறுநூறு கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். தண்ணீர்ப் பத்தியில் 2019 இலிருந்து கிழமைக்கு ஒருதரம் "ஒரு போத்தல்". 2022 இல் டீசல் வரிசையில் நின்ற நாட்களுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அந்த வரிசையில் எல்லோரும் காரைத் தள்ளித்தான் நகர்த்தினார்கள். ஸ்ராட் வராத கார் என்று எங்கள் காரை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"அப்பா நல்லா எழுதியிருக்கிறார்" என்றார் அண்ணை. "ஆனா வாசிக்கேல்லை."

சரி, அளந்து பார்க்காமல் கழட்டக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஸ்ராட் எடுக்கும்போது சிலிண்டரைச் சூடாக்குகிற க்ளோ பிளக் நாலையும் கழற்றி, அந்தத் துளையில் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் கொம்ப்ரெஷன் கேஜைப் பூட்டி, டீசல் போகாமல் பம்பின் வயரை இழுத்துவிட்டு, பெடியனை ஸ்ராட்டர் அடிக்கச் சொன்னார். இந்த வகை எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கமும் 400 பி.எஸ்.ஐ. ஐத் தாண்டும். எங்களுடையது 360, 350, 210, 290. மூன்றாவதும் நாலாவதும் சீக்கு. அடுத்து ஒரு கரண்டி ஒயிலை மூன்றாவதுக்குள் விட்டு மறுபடி அடித்தார். 210 ஏறி 300 ஆனது. ஒயில் போய் ரிங்கின் இடைவெளியை அடைத்ததால் ஏறியது. ஆகவே குற்றம் ரிங்கிலும் சிலிண்டரிலும். நாலாவதுக்குள் ஒயில் விட்டபோது ஊசி அசையவே இல்லை.

"இது மேலை போகுது. வால்வ், இல்லாட்டி ஹெட்."

ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பகுதி, வால்வ் எல்லாம் அதில்தான். இரண்டு சிலிண்டருக்கு இரண்டு வேறு நோய். ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டபோது குமிழி குமிழியாக வந்தது, மீன் தொட்டிக்குக் காற்று விட்டதுபோல். சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் ஒழுகுகிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்று உண்டு. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் இரண்டு நாளில் வேலை முடியும். காசும் கிட்டத்தட்ட அதேதான். நானும் யோசித்தேன். ஆனால் அந்த எஞ்சின் ஜப்பானில் எத்தனை ஓடியது, என்ன பாடு பட்டது என்று எந்தக் கொப்பியும் அதனுடன் வராது. போதாததற்குப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். காரையே விற்றுவிட்டு வேறு வாங்கு என்றும் சிலர் சொன்னார்கள். 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். நான் இதைத் தொடங்கியது அதற்கு முந்திய வருடம். முப்பது வயதுக் கொரோலாவை இருபது லட்சத்துக்கு மேல் விலை பேசிய காலம். விற்றால் நல்ல காசுதான், அந்தக் காசுக்கு வாங்கக் கிடைப்பது இன்னொருவர் விற்கிற இழுப்புக் கார்.

எஞ்சினை இறக்கினோம்.

ஹெட்டைத் தூக்கியதும் அண்ணை என் கையைப் பிடித்து, சுட்டுவிரல் நகத்தை மூன்றாவது சிலிண்டரின் மேல்விளிம்பிலிருந்து கீழே இழுக்கச் சொன்னார். ஒரு விரல் அகலம் போனதும் நகம் டக்கென்று ஒரு படியில் தடக்கியது. பிஸ்டன் மேலே வந்து திரும்புகிற இடத்தில்தான் மேல் ரிங் சிலிண்டரை அதிகம் தேய்க்கும். அங்கே சூடு கூட, ஒயில் குறைய, எரியும் வாயு ரிங்கைப் பின்னாலிருந்து தள்ளும். அதற்கு மேலே ரிங் எட்டாத பகுதி தேயாமல் அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் படி. பழைய ரிங் சிலிண்டரோடு சேர்ந்து தேய்ந்ததால் அதன் விளிம்பு மழுங்கி, படியில் முட்டாமல் வாழப் பழகியிருக்கும். புது ரிங்கின் விளிம்பு கூர். அதைக் கொண்டுபோய்த் தேய்ந்த சிலிண்டருக்குள் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படியில் போய் அடிக்கும்.

பிஸ்டனைத் தட்டி வெளியே எடுத்தார்கள். நிலத்தில் விரித்திருந்த பழைய பேப்பரில் அதைக் குத்தி வைத்து, பெடியன் மேல் ரிங்கை விரித்தான். அது ஒரு வட்டமாக வரவில்லை. மூன்று துண்டாக வந்தது. ஒரு துண்டின் முனை, கன காலம் உரசியதால், பல்குச்சிபோல் கூராகியிருந்தது. பிஸ்டனில் ரிங் இருக்கும் தவாளிப்பின் மேற்சுவர் அரைவிரல் நீளத்துக்கு இல்லை. உடைந்த அலுமினியம் எங்கே போனதென்று கேட்டேன். "சைலன்சராலை போயிருக்கும், நல்ல காலம்" என்றார். நான் அந்த மூன்று துண்டையும் ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னுடைய மூன்று மாதப் பெருமை அது.

அடுத்து லேத் ஐயா. கொக்குவில் பக்கம், தகரக் கொட்டில், எழுபது வயது இருக்கும். டயல் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கி, மேலே, நடுவில், கீழே, பிறகு குறுக்காகத் திருப்பி மறுபடி மூன்று இடம் என்று அளந்து, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வெண்கட்டியால் எழுதிக்கொண்டு போனார். புதிதில் 86 மி.மீ. ஆக இருந்த துளை மூன்றாவதில் மேலே 86.21, கீழே 86.03. குறுக்காக அளந்தால் இன்னொரு கணக்கு, அதாவது துளை வட்டமாக இல்லை, முட்டை. எரிந்து கீழே போகும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து தள்ளுவதால் அந்தப் பக்கம் கூடத் தேய்கிறது. இந்த முட்டைக்குள் வட்டமான ரிங்கைப் போட்டுவிட்டுத்தான் நான் 2015 இல் வீண்செலவைத் தவிர்த்தேன்.

"இருபது போடலாம்" என்றார். இருபது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, அரை மில்லிமீற்றர். 86.50 ஆகத் துளையைப் பெருப்பித்து அதற்குரிய பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவது. நான் உடனே, "அப்ப இண்டைக்கே போர் பண்ணிவிடுங்கோ ஐயா, பிஸ்டன் நாளைக்குக் கொழும்பு பஸ்ஸிலை வந்திடும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிஸ்டனைக் கொண்டு வாரும். ஒவ்வொண்டையும் அளந்து அதது போற ஓட்டையை நான் வெட்டுவன். உடுப்பை முதல் தைச்சுப்போட்டு ஆளைப் பிறகு தேடுறேல்லை."

பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் இருக்க வேண்டிய வெளி 0.05 மி.மீ. அளவில். தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. ஒரே பெட்டியில் வந்த நாலு பிஸ்டனும் ஆளுக்கு ஒரு இழை வித்தியாசமாக இருக்கலாம். பார்சல் பஸ்ஸில் வர மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் புளொக், அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடம்பு, மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. வந்த பிறகு வெட்டி, ஹோன் பண்ணினார். ஹோன் கல் சிலிண்டருக்குள் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போவதால் சுவரில் பனையோலைப் பாய் பின்னியதுபோல் குறுக்குமறுக்காகக் கீறு விழும். கண்ணாடிபோல் மினுக்கினால் நல்லதென்று நினைத்திருந்தேன். மினுங்கினால் ஒயில் நிற்காது. அந்தக் கீறுக்குள்தான் ஒயில் தங்கும், புது ரிங்கும் அதில் உரசித்தான் சிலிண்டரோடு பொருந்தும்.

பிஸ்டன்களால் சுழலும் தண்டான கிராங்கும் அவரிடமே. பெயரிங்குக்குள் சுழலும் அதன் ஜேர்னல் ஒன்றில் கீறு விழுந்திருந்ததால் பத்து குறைத்து, அதாவது 0.25 மி.மீ. அரைத்து, அதற்கேற்ற தடிப்பான பெயரிங் போட்டோம். இதில் சொல்ல வேறொன்றுமில்லை. நன்றாக நடந்த வேலை.

ஹெட்டின் கதை அப்படியில்லை. அண்ணை அதைக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, வரண்ட துணியால் அழுத்தித் துடைத்தார். பிறகு ஒரு வெண்கட்டியை நொறுக்கித் தூளாக்கி மேலே தூவினார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வ் இருக்கைகளுக்கும் நடுவில், வெள்ளைத் தூளில் மயிர்போல் ஒரு ஈரக் கோடு. வெடிப்புக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெண்கட்டிக்குள் ஊறி வெளியே வந்திருந்தது. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், ஒருதரம் நன்றாகச் சூடேறினால் வெடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

"எப்ப கொதிச்சது?"

கொதிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கொப்பி ஞாபகம் வந்தது. 2019, "ஒரு போத்தல்".

எல்லாச் சிலிண்டரும் ஒரே தண்ணீரைத்தானே குடிக்கின்றன, ஏன் நாலாவது மட்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் புளொக்கைத் திருப்பி, பின்பக்கத்தில் துளையை அடைத்திருக்கும் உலோக மூடியான வெல்ச் பிளக்கைத் தட்டிக் கழற்றினார். அந்த வட்டத் துளைக்குள் தண்ணீர் ஓடும் வெளி இருக்க வேண்டும். இருந்தது ஒரு சுவர். ஸ்குரூட்ரைவரால் குத்த, சாம்பலும் வெள்ளையும் துருச் சிவப்பும் கலந்த கட்டிகள் உதிர்ந்தன. தோண்டத் தோண்ட வந்தது. பழைய பால்மா ரின் ஒன்றில் முக்கால்வாசி. வெள்ளைக் கட்டி ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தேன். வேறொன்றுமில்லை, எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் இருப்பது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். சுண்ணாம்பு கரைந்த தண்ணீர். கேத்திலில் அது படிவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம், பார்த்துவிட்டு அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். அங்கேயும் அது கொதிக்கக் கொதிக்கப் படிகிறது. தண்ணீர்ப் பம்ப் எஞ்சினின் முன்பக்கம் இருப்பதால், பின்னால் உள்ள நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம் குறைவு, அடைவதும் அங்கேதான் கூட. அப்பா ஒருநாளும் கூலன்ட் வாங்கியதில்லை. "அது பனி கொட்டுற நாட்டுக்காரருக்கு" என்பார். உறையாமல் இருப்பது அதன் பாதி வேலைதான். துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் மற்றப் பாதி. அந்தப் பாதி கீரிமலைக்கும் தேவை.

ரேடியேற்றர் வேலை செய்பவர் மேல் தாங்கியைக் கழற்றிக் காட்டியபோது குழாய்களில் மூன்றில் ஒன்று முழுக்க அடைபட்டிருந்தது. தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் தேர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ யாரோ, "எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தேர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீர் 80 பாகையைத் தாண்டும்வரை ரேடியேற்றருக்கு வழி விடாது. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் திரும்பி வீட்டுக்கும் என்று ஓடுகிற கார் ஒருநாளும் சூட்டுக்கு வராது. அதுவரை டீசல் சரியாக எரியாமல் சுவரில் ஒயிலைக் கழுவிக்கொண்டே இருக்கும். அப்ப, கிட்டத்தில் ஓடும்போது குளிரில் தேய்ந்தது, நாரந்தனைக்கோ கிளிநொச்சிக்கோ தூரம் போனால் சுண்ணாம்பில் கொதித்தது. பாவம், இரண்டு பக்கத்தாலும் அடி.

எஞ்சினுக்குள் போகும் காற்றில் தூசியைப் பிடிக்கும் காற்று வடியும் அப்படியே. கடதாசி வடியை மாதம் ஒருதரம் கொம்பிரசர் காற்றால் அடித்து அடித்து, மடிப்பில் ஓட்டை. அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தால் கோப்பாய்ச் செம்மண். எஞ்சினுக்குள் உரைகடதாசி போட்டுத் தேய்ப்பதுபோல்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு வடியின் விலை இரண்டு பேர் ஒருநேரம் கடையில் சாப்பிடுகிற காசு.

வெடித்த ஹெட்டை ஒட்டலாம் என்று சொன்னார்கள். அண்ணை வேண்டாம் என்றார். இருக்கைக்கு நடுவில் ஒட்டியது மறுபடி சூடேறினால் பக்கத்தில் வெடிக்கும் என்பது அவர் கண்டது. புது வெறும் ஹெட் ஒன்று பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது. மொத்தச் செலவில் தலைவலி தந்த ஒரே பொருள் அதுதான். இதுவரை "வந்ததுதானே, செய்வம்" என்று இருந்த நான் அன்றிரவு கணக்குப் பார்த்தேன். எல்லாம் முடிய நாலு லட்சத்துக்குக் கிட்டப் போகும். அம்மாவிடம் மூன்று என்றேன்.

வால்வ் உட்கார வைக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள், வந்து வந்து நின்று பார்க்கிற ஆளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. வால்வின் முகத்தில் அரைக்கும் பசையைப் பூசி, ரப்பர் உறிஞ்சி பூட்டிய தடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவதுபோல் முன்னும் பின்னும். இடையிடையே தூக்கி, கால்வாசி திருப்பி, மறுபடி. முதலில் கரகரவென்று சத்தம், பிறகு பட்டுத்துணி உரசுகிற சத்தம். துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி உடையாத ஒரு சாம்பல் நிற வளையம். எட்டு வால்வுக்கு ஒரு நாள் போனது. பின்னேரம் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எல்லா அறைக்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு வந்தோம். விடிய வந்து பார்த்தால் கீழே வைத்த கடதாசியில் ஒரு துளி, ஏழாவது வால்வுக்குக் கீழே. அதை மட்டும் மறுபடி கடைந்தேன்.

பூட்டும்போது இரண்டு இடத்தில் அண்ணை யாரையும் பேச விடவில்லை. ஒன்று ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது புளொக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு துருத்துகிறது என்று டயல் வைத்து நாலையும் அளந்து, அதற்கேற்ற தடிப்புள்ள கேஸ்கெட்டைத் தெரிய வேண்டும். ஒரே எஞ்சினுக்கே வேறுவேறு தடிப்பில் வருகிறது. "கடையிலை தந்ததைப் போடுறது" என்ற வழக்கத்துக்கு அவர் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருக்கிறார். மற்றது ரைமிங் பெல்ட். கிராங், வால்வைத் திறக்கும் கேம், டீசல் பம்ப் மூன்றையும் அந்த ஒரு பெல்ட்தான் சேர்த்து ஓட்டுகிறது. ஒரு பல் தவறினால் புகை, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இவ்வளவு வேலையும் குப்பை. அடையாளம் மூன்றையும் நேர்ப்படுத்திப் பூட்டிய பிறகு, கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளம் மறுபடி நேரில் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று.

டீசலைப் பீச்சும் நொசில் நாலையும் சோதித்ததில் ஒன்று பனிபோல் பீச்சாமல் பல்லிபோல் மூத்திரம் பெய்தது. அதை மாற்றினோம்.

முதல் ஸ்ராட்டுக்கு முன் டீசல் பம்பின் வயரை மறுபடி இழுத்துவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரால் மட்டும் சுற்ற வைத்தார். பெயரிங்குகளுக்கு ஒயில் போய்ச் சேர வேண்டும். பிறகு வயரைப் பூட்டி, டீசல் வடியின் மேலுள்ள பொத்தானைக் குத்திக் குத்திக் காற்றை எடுத்து, திறப்பைத் திருப்பினார். மூன்றாவது அடியில் பிடித்தது. பூட்டும்போது பூசிய ஒயில் எரிந்து கராஜ் முழுக்க நீலப் புகை. பத்து நிமிடத்தில் புகை நின்றது. அண்ணை ஒயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். நடுங்கியது. விழவில்லை.

புது எஞ்சினை ஆயிரம் கிலோமீற்றருக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டாதே என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணை தலைகீழாகச் சொன்னார். முடுக்கவும் கூடாது, தாலாட்டவும் கூடாது. எரியும் வாயுவின் அமுக்கம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளிப் பொருத்துகிறது. பாரமில்லாமல் மெல்ல மெல்ல ஓட்டினால், அல்லது வீட்டு முற்றத்தில் வெறுமனே ஓட விட்டால், ஹோன் கீறு மினுங்கிப்போய் ரிங் ஒருநாளும் பொருந்தாது. ஏற்றத்தில் ஓட்டுவது நல்லதாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது?

"ஆக்களை ஏத்துங்கோ" என்றார்.

அடுத்த ஞாயிறு அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றி வல்லிபுரக் கோயிலுக்குப் போனோம். வல்லை வெளியில் நாலாம் கியரில் ஐம்பதிலிருந்து எண்பதுவரை அமத்தி, காலை எடுத்து, தானாக ஐம்பதுக்கு இறங்க விட்டு, மறுபடி அமத்தி. ஐந்தாவது தரம் அத்தான் கேட்டார், "மச்சான், உமக்கு நித்திரையோ?" அம்மா பின்னுக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். புகை வரவில்லை என்று மற்றவர்களுக்கு அறிவித்துக்கொண்டும் வந்தார்.

ஐந்நூறில் முதல் ஒயிலை இறக்கியபோது அண்ணை கொஞ்சத்தை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் சரித்துப் பார்த்தார். மீன் செதிள் பொடிபோல் மினுமினுப்பு. புது ரிங் பொருந்தும்போது அப்படித்தான் வரும், அடுத்ததில் வரக்கூடாது என்றார். ஆயிரத்தில் இறக்கியதில் அவ்வளவாக இல்லை.

கூலன்ட் கலக்க வடித்த தண்ணீர் வாங்கினேன். மாரி மழையில் ஒரு பீப்பா பிடித்து வைத்தால் காணாதா என்று அம்மா கேட்கிறார். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் விழுந்து பீலியால் இறங்குகிற தண்ணீரில் வேறென்ன இருக்குமென்று நினைத்து, இன்னும் கடையில்தான் வாங்குகிறேன்.

கொப்பி இப்போது மறுபடி டாஷ்போட்டுக்குள். என் கையெழுத்தில் உள்ள பக்கத்தின் கடைசி வரி இது: "414,870. டீசல் 30 லீ. ஒயில் 150 மி.லீ. தண்ணீர் இல்லை." அந்த நூற்றைம்பதை எழுதாமல் விடலாமா என்று ஒருதரம் யோசித்தேன். எழுதிவிட்டேன், அண்ணை வாசிப்பார்.